சுவர் ஊருக்கு, தளம் கடைக்காரருக்கு: இப்ஸ்விச் நகரின் பழைய வீடு, ஒரு பார்வை

2007-ஆம் ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். இப்ஸ்விச் நகருக்கு அருகே மார்ட்லஷாம் என்ற இடத்தில் ஒரு பெரிய தொலைத்தொடர்பு ஆய்வு வளாகம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. ஒரு சனிக்கிழமை, "அம்மாவுக்கு நல்ல வாணலி ஒண்ணு வாங்கணும், வாங்கப்பா கடைக்குப் போவோம்" என்று மகள் கூப்பிட்டாள். வாணலி வாங்குவதில் எனக்கு என்ன அக்கறை? ஆனாலும் போனேன். போன இடத்தில் கடைக்குள் நுழையாமல் வீதியிலேயே முக்கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அந்தக் கடை இருந்த கட்டடத்துக்கு ‘ஏன்ஷியண்ட் ஹவுஸ்’ என்று பெயர். ஸ்பாரோ குடும்பத்து வீடு என்றும் சொல்வார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தில்லியில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைவாளனாக வேலை பார்த்தவன் நான். பழைய கட்டடங்களைப் பற்றி எனக்குச் சில திடமான கருத்துகள் இருந்தன. அந்த வீடு அதில் முக்கியமான ஒன்றை அசைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வீடும் வரலாறும்

லண்டனிலிருந்து வடகிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், ஆர்வெல் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய துறைமுக நகரம் இப்ஸ்விச். அதன் நடுவே பட்டர்மார்க்கெட் என்ற குறுகலான கடைவீதி. பெயரைப் பார்த்தாலே தெரியும், ஒரு காலத்தில் வெண்ணெய்ச் சந்தை. அந்த வீதியும் ஒரு சந்தும் சேரும் மூலையில் இந்த வீடு நிற்கிறது.

உள்ளே இருக்கும் மரச்சட்டங்களில் பழையவை 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1567-இல் ஜார்ஜ் காப்பிங் என்பவர் கைக்கு வீடு வந்தது. துணி வியாபாரம், மீன் வியாபாரம் இரண்டும் செய்தவர். தரைத்தளத்து முன்னறையில் இருக்கும் ஓக் மரப்பலகைச் சுவர் அவர் காலத்து வேலை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பாரோ குடும்பத்தார் வந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வீடு அவர்களிடமே இருந்தது. 1660-க்கும் 1670-க்கும் இடையில் ராபர்ட் ஸ்பாரோ என்பவர் முன்சுவர் முழுவதையும் சுதை வேலையால் அலங்கரித்தார். இன்று ஊர் உலகமெல்லாம் படம் எடுப்பது அந்தச் சுவரைத்தான்.

19-ஆம் நூற்றாண்டில் இது புத்தகக் கடையாயிற்று. இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் புத்தகம் விற்றார்கள். கட்டடம் தளர்ந்துபோனபோது, 1980-ஐ ஒட்டி, நகராட்சி அதை வாங்கிப் பெரும் செலவில் பழுதுபார்த்தது. அதன் பிறகும் கடைகளுக்கே வாடகைக்கு விட்டது. நான் போனபோது இருந்தது சமையலறைச் சாமான் கடை. கடைகள் வரும், போகும். வீடு மட்டும் நகராட்சியின் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது.

சுவர் என்ன சொல்கிறது?

சுதை என்றதும் நமக்குக் கோபுரம் நினைவுக்கு வரும். சரியான நினைவுதான். நம் ஸ்தபதிகள் சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பொம்மை வைப்பார்கள். இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் சுண்ணாம்பு, மணலோடு மாட்டு மயிரோ ஆட்டு மயிரோ கலந்து, மரப்பட்டிகள் மேல் பூசி, ஈரம் காயுமுன் உருவம் வடிப்பார்கள். அதற்கு ‘பார்ஜெட்டிங்’ என்று பெயர். கல் கிடைக்காத ஊர்களில் இரண்டு தேசத்துக் கைகளும் கண்டுபிடித்த வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

மாடியில் சன்னல்கள் சுவரைவிட்டு வீதியின் மேல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வளைவு, இருபக்கமும் சிறு கண்ணாடிச் சில்லுகள். அந்தச் சன்னல்களுக்குக் கீழேயுள்ள கட்டங்களில் நான்கு கண்டங்களை உருவங்களாக வைத்திருக்கிறார்கள்: ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா. அமெரிக்காவின் கையில் புகையிலைக் குழாய். ஆசியாவுக்குக் குவிமாடம் வைத்த ஒரு கட்டடம். ஆப்பிரிக்காவுக்கு உடுப்பே இல்லை. ஆஸ்திரேலியா கிடையாது, அந்த ஊர்க்காரர்களின் வரைபடத்தில் அது இன்னும் வரவில்லை. வேறிடங்களில் கடல் தெய்வமான நெப்டியூன், உலகைத் தோளில் சுமக்கும் அட்லஸ், ஆடு மேய்ப்பவன், பூதநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ். நடுவே இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரச முத்திரை.

விமரிசகன் என்ற முறையில் குறையையும் சொல்ல வேண்டும். உருவங்களின் அளவுப் பொருத்தம் சுமார்தான். கை நீளம், கால் குட்டை. இடம் விடாமல் பூமாலையும் பழக்கொத்தும் நிரப்பியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் நாட்டுப்புறக் கைவேலை. ஆனால் வீதியின் எதிர்ப்பக்கம் போய் நின்று மொத்தமாகப் பாருங்கள். கீழே மரமும் கண்ணாடியும், மேலே புடைத்த சன்னல் வரிசை, அதற்கு மேல் அகலமாக நீட்டிய கொடுங்கை, உச்சியில் முக்கோண முகப்புகள். ஏறி ஏறிப் போகும் இந்த ஒழுங்குதான் அலங்காரத்தின் அளவு மீறலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. அலங்காரத்தைக் கழித்துவிட்டாலும் இது நல்ல கட்டடமாகவே நிற்கும்.

சன்னல்களின் துருத்தல் வெறும் அழகுக்காக வந்ததும் இல்லை. வீதி குறுகல், வீடு ஆழம். சுவரோடு சமமாகச் சன்னல் வைத்தால் முன்பக்கத்து வெளிச்சம் மட்டும் வரும். வெளியே தள்ளி வைத்தால் மூன்று பக்கத்திலிருந்தும் அள்ளலாம். உள்ளே இருப்பவர் வீதியின் இரு முனையையும் பார்க்கலாம். யார் வருகிறார், எவர் வண்டி வருகிறது என்று கணக்குப் பார்ப்பது வியாபாரிக்கு முக்கியமல்லவா? இருநூறு ஆண்டு கழித்து, நார்மன் ஷா என்ற பெரிய கட்டடக் கலைஞர் (லண்டன் போலீசின் ஸ்காட்லண்ட் யார்டு கட்டடத்தை வடிவமைத்தவர்) 1870-களின் தொடக்கத்தில் லண்டனில் கட்டிய நியூசிலாந்து சேம்பர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத்தில் இதே சன்னலைக் கையாண்டார். பிறகு பலர் பின்பற்றினார்கள். ‘இப்ஸ்விச் சன்னல்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஷாவின் அந்தக் கட்டடம் இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு இரையாயிற்று. மூலம் இங்கே நிற்கிறது.

இது வணிகனின் விளம்பரப் பலகை

மன்னர் முத்திரை இருப்பதால், போரில் தோற்ற சார்லஸ் இந்த வீட்டில் ஒளிந்திருந்தார் என்று ஊரில் ஒரு கதை. மாடியில் மரக்கூரையோடு மறைந்து கிடந்த ஓர் அறை பின்னாளில் தெரியவந்ததும் கதைக்கு இன்னும் வலு. ஆனால் 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற சார்லஸ் தப்பி ஓடியது மேற்கேயும் தெற்கேயும். தென்கரையில் ஷோரமிலிருந்து கப்பலேறி பிரான்சுக்குப் போனார். கிழக்குக் கரையில் இருக்கும் இப்ஸ்விச்சுக்கு அந்தப் பாதையில் இடமில்லை. முத்திரைக்கு வேறு காரணம் போதும். 1660-இல் முடியாட்சி திரும்பி வந்தது. ‘நான் அரசன் பக்கம்’ என்று ஊருக்குத் தெரியும்படி எழுதிவைப்பது ஒரு வணிகருக்கு அன்று நல்ல முதலீடு.

நான்கு கண்டங்களும் அப்படித்தான். ‘உலகம் முழுவதும் என் சரக்கு வரும் வழி’ என்று சுவர் சொல்கிறது. அந்தப் பெருமையில் நாம் மயங்கிவிடக் கூடாது. புகையிலை யார் உழைப்பில் விளைந்தது, உடுப்பில்லாத ஆப்பிரிக்கரை அந்தக் காலத்துக் கப்பல்கள் எப்படி ஏற்றிச் சென்றன என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆசியாவைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு கணக்கும் ஓடிற்று. இந்தச் சுதை வேலை நடந்தபோது, 1640-இல் தொடங்கிய சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வயது இருபதிலிருந்து முப்பதுக்குள். அதே ஜார்ஜ் இந்தச் சுவரிலும் குதிரை மேல் இருக்கிறார். நம் கரைக்கு வந்த வணிகத்தின் முகத்தை அதன் சொந்த ஊரில், சொந்த வீட்டுச் சுவரில் பார்த்தேன்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ‘வரலாற்று வீட்டைக் கடையாக்கிவிட்டார்களே’ என்று வருந்துவதற்கு இந்த வீட்டில் அவ்வளவு நியாயம் இல்லை. துணி வியாபாரி இருந்த வீடு, வணிகக் குடும்பம் இருநூறு ஆண்டு ஆண்ட வீடு, வணிகத்தையே சுவரில் எழுதிக்கொண்ட வீடு. 1660-களில் இரண்டு நூற்றாண்டு பழைய மரச்சட்டத்தின் மேல் புதுச் சட்டை போட்டதே ஒரு மாற்றம்தான். புத்தகக் கடைக்காரர் செய்தது அதற்கு அடுத்த மாற்றம்.

உள்ளே போனால்

கடைசியில் மகள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். பழைய ஓக் உத்திரத்துக்குக் கீழே பளபளவென்று வாணலிகள். என் முகம் போன போக்கைப் பார்த்து என் மனைவி, "என்னங்க, வீட்டைப் பார்க்க வந்தீங்களா, சாமான் வாங்க வந்தோமா?" என்றாள்.

கடையாக்கியதில் எது நஷ்டம்? சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. போனது அறைகளின் வரிசை. வீடு என்பது வாசற்படிகளின் தொடர். இதுவரை வெளி ஆள் வரலாம், இதற்கு மேல் உறவினர், அதற்கும் மேல் வீட்டுப் பெண்கள், குழந்தைகள். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் குறையும், குரல் தாழும். கடைக்கு அது ஆகாது. கடைக்கு ஒரே தளம் வேண்டும், வாடிக்கையாளர் தடையில்லாமல் சுற்ற வேண்டும், எங்கும் ஒரே வெளிச்சம் வேண்டும். ஆகவே இந்த வீட்டில் யார் எங்கே தூங்கினார்கள், அடுப்பு எங்கே எரிந்தது என்று பொருட்களுக்கு நடுவே நின்று உணர முடியவில்லை. காப்பிங் காலத்துப் பலகைச் சுவரைக்கூட கண் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சரக்கின் மேல் விழும் விளக்கு கண்ணைக் கீழேயே வைத்திருக்கிறது. இது எந்தக் கடைக்கும் உள்ள குணம். அந்தக் கடையை மட்டும் குறை சொல்ல நியாயமில்லை.

லாபம் என்ன? நான் இதைச் சொல்லிப் புலம்பியதும், வாணலியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "ஆள் புழங்கற வீடு நிக்கும்ங்க. நம்ம ஊர்ல பூட்டிப் போட்ட வீடு எத்தனை நின்னுது, சொல்லுங்க?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குக் காரணம் உண்டு.

நான் எழுதிய ஒரு குறிப்பு

வேலையில் இருந்த காலத்தில், பழைய தில்லியில் ஒரு பழைய ஹவேலியை அளந்து வரைய என்னை அனுப்பினார்கள். முற்றத்தைச் சுற்றி வளைவுகள், செதுக்கிய மரக்கதவுகள், தரைத்தளம் முழுக்கக் காகிதக் கடைகளும் கோணிக் கிடங்கும். எனக்கு ரத்தம் கொதித்தது. வரைபடத்தோடு இணைத்த குறிப்பில், ‘வணிகப் பயன்பாட்டை அறவே அகற்ற வேண்டும், கட்டடத்தைக் காட்சிக்கு மட்டும் வைக்க வேண்டும்’ என்று எழுதினேன். என் ஒருவன் குறிப்பால் எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அப்படியேதான் நடந்தது. கடைக்காரர்கள் போனார்கள். கதவுக்குப் பூட்டு வந்தது. காட்சிக்கு வைக்கப் பணம் வரவில்லை. ஒழுகுகிறது என்று கத்த உள்ளே ஆள் இல்லை. மூன்று மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மேற்குப் பக்கக் கூரை முற்றத்தில் கிடந்தது. செதுக்கிய கதவுகளைக் காணோம்.

கோணி மூட்டைக்காரர் இருந்தவரை, மழை பெய்தால் மூட்டை நனையுமே என்ற பயத்திலாவது கூரை மேல் நாலு தகரத்தைப் போட்டிருப்பார். அழகைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தப் பயத்தை நான் வெளியேற்றினேன்.

அதற்காகக் கடைகள் தானாகக் கட்டடத்தைக் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. தில்லித் தமிழர்களுக்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். ஒயர், சுவிட்ச், தீபாவளிச் சரவிளக்கு வாங்க நாமெல்லாம் போகும் சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸ் என்ன? பேகம் சம்ரூ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் கட்டிய மாளிகை. கிரேக்க பாணித் தூண்கள் வரிசையாக நின்ற முகப்பு. பிறகு வங்கியாகி, கைமாறி, மின்சாமான் சந்தையாயிற்று. பெயரில் இருக்கும் ‘பேலஸ்’ உண்மையான மாளிகை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தூண்கள் இன்னும் இருக்கின்றன. பெயர்ப்பலகைக்கும் கம்பிச் சிக்கலுக்கும் பின்னால் தேடிப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் அந்தச் சந்தையில் பிடித்த பெருந்தீ பல கடைகளை அழித்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அங்கேயும் ஆள் புழக்கத்துக்குக் குறைவில்லை.

வித்தியாசம் எங்கே?

இரண்டு வீட்டிலும் கடைதான். ஒன்றில் சுவர் பிழைத்தது, மற்றதில் மூச்சுத் திணறுகிறது. வெள்ளைக்காரனுக்கு ரசனை உண்டு, நமக்கில்லை என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அவர்கள் நாட்டிலும் இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ பழைய மாளிகைகளை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இந்த வீடே தளர்ந்து நின்றதுதான்.

வித்தியாசம் ஏற்பாட்டில் இருக்கிறது. இப்ஸ்விச்சில் சுவரும் கூரையும் ஊருக்குச் சொந்தம். கடைக்காரருக்கு உரிமை தளத்தில் வியாபாரம் செய்ய மட்டும். 1947-இல் வந்த நகரத் திட்டச் சட்டத்தின் வழியில் உருவான பாதுகாப்புப் பட்டியலில் இந்த வீடு முதல் தரம். அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்ளே ஆனாலும் வெளியே ஆனாலும், முன் அனுமதி வேண்டும். வாடகை வருகிறது. கூரையைப் பார்க்கப் பொறுப்பான ஒரு கை இருக்கிறது. கடை நஷ்டப்பட்டுப் போனாலும் சுவர் அதோடு போகாது. அடுத்த வாடகைதாரர் வரும்வரை காத்திருக்கும். பகீரத் பேலஸில் தளம் நூறு கூறாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தன் கடை அளவு சுவரே உலகம். முழுத் தூணுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே, பழைய வீடு ஒன்று கடையாகும்போது ‘கடை வரலாமா?’ என்று நாம் கேட்டு வந்த கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சுவர் யார் பொறுப்பு, தளம் யார் உரிமை, ஒழுகினால் யார் ஏணி எடுத்து வருவார் என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் வாணலி விற்றாலும் குற்றமில்லை. பதில் இல்லாவிட்டால் அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியும் பயனில்லை. என் ஹவேலியின் கதிதான்.

இதை நம் மலரில் எழுதக் காரணம் உண்டு. நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. அண்ணன் தம்பி நாலு பேர், நாலு நகரத்தில். யாரும் குடியிருக்கப் போவதில்லை. ‘தாத்தா கட்டின வீட்டில் மளிகைக் கடை வைப்பதா?’ என்று கௌரவம் பார்த்துப் பூட்டிவைக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை போய்ச் சிலந்தி வலையைத் தட்டிவிட்டு வருகிறோம். ஒரு நாள் உத்திரம் உளுத்துப்போய், தூண்களைக் கழற்றி விற்கிறோம். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. மாற்றக் கூடாதது எது, மாற்றலாம் எது என்று நானே வரைந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்கட்டை ஒரு தையல் கடைக்கு வாடகைக்கு விட்டோம். திண்ணைத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. போன ஐப்பசி மழையில் ஓடு நகர்ந்தபோது, முதலில் போன் செய்தது அந்தத் தையற்காரர்தான்.

இப்ஸ்விச்சில் வாங்கிய வாணலி இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. கைப்பிடியை மட்டும் ஒரு முறை மாற்றினோம்.